இரண்டு வருஷம் நாலு மாசம்

சின்னவளுக்கு ஐம்பது வயது முடிந்த அன்று அவளுக்கு நாற்பத்தேழு வயதும் எட்டு மாதமும்தான் ஆகியிருந்தது. இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஐம்பது என்பது சான்றிதழ் வயது. மற்றது பெற்றவளுக்குத் தெரிந்த வயது. அரசாங்கத்துக்குச் சான்றிதழ் போதும், பெற்றவளைக் கூப்பிட்டுக் கேட்கிற வழக்கம் அதற்கு இல்லை. கேட்டிருந்தாலும் அம்மா செத்துப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

எல்லாம் அப்பா செய்த வேலை. அப்பா ஓர் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். இளவயதில் குமாஸ்தா வேலைக்கு எழுதிப்போட்டு, எல்லாம் கூடிவந்த நேரத்தில், வயது வரம்பை ஒரு மாதம் தாண்டிவிட்டார் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த ஒரு மாதம் சாகும்வரை அவர் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவனைப் பெரியவன் என்றும், அவனுக்கு இரண்டு வருஷம் நாலு மாசம் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார்கள். பெரியவன் நோஞ்சானாகப் படுத்துக் கிடந்ததில் பள்ளிக்கூடம் சேர்ப்பது தள்ளித் தள்ளிப் போய், அவனுக்கு ஏழு நடக்கும்போது, ஐந்து வயதுத் தங்கையோடு சேர்த்து ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனார் அப்பா.

கையில் இரண்டு பிறப்புச் சீட்டு. அந்தக் காலத்துச் சீட்டில் பெயர் இருக்காது, ஆணா பெண்ணா என்றுகூட இருக்காது. தகப்பன் பெயர், தேதி, ‘குழந்தை’ என்று ஒரு சொல். அவ்வளவுதான். அப்பா பெரியவனின் சீட்டைச் சின்னவளுக்கும், சின்னவளின் சீட்டைப் பெரியவனுக்கும் மாற்றி நீட்டினார். தலைமையாசிரியர் நெட்டையாக நின்ற ஐந்து வயதுப் பையனையும் குட்டையாக நின்ற ஏழு வயதுப் பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார். “பையன் அவங்க அம்மா வழி. வளர்த்தி ஜாஸ்தி” என்றார் அப்பா. தலைமையாசிரியரும் உலகம் தெரிந்தவர், எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாளாம், பொண்ணுக்கு ரெண்டு வயசு கூடிப்போச்சே என்று. “பொண்ணுக்கு வயசு எதுக்கு? அவ என்ன உத்தியோகமா பாக்கப்போறா? இவன் ஆம்பளைப் பையன். நாளைக்கு ரெண்டு வருஷம் கையில இருந்தா தெம்பு” என்றாராம். அந்தத் தெம்பு வீண்போகவில்லை. குடிநீர் வாரியத்தில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களை எடுத்தபோது, உண்மையில் முப்பத்தொன்றைத் தாண்டியிருந்த பெரியவன், சான்றிதழில் இருபத்தொன்பது என்று உள்ளே நுழைந்தான். பதினெட்டு வருஷமாக அங்கே வால்வு மேற்பார்வையாளன். வீட்டில் அண்ணன், காகிதத்தில் தம்பி. இதைச் சொல்லிச் சிரிக்காத விசேஷம் அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை. சின்னவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அப்பா சொன்னதற்கு மாறாகச் சின்னவளும் உத்தியோகம் பார்த்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசை பதித்துச் செட் செய்கிற கூடத்தில் பத்தொன்பது வருஷம். ஜன்னலோரத்து மேஜை அவளுடையது. தேய்மானத்தைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லிவிடுவாள், ஒன்றிரண்டு வருஷம்தான் முன்பின் இருக்கும். அவள் சேர்ந்த புதிதில் ஒரு வாத்தியாரின் பல் செட் ஒரு மேஸ்திரியின் வாய்க்குப் போய்விட்டது. மேஸ்திரி பாவம், புதுப் பல் அப்படித்தான் வலிக்கும் என்று ஒரு வாரம் ஈறு கிழியக் கிழிய மென்றிருக்கிறார். அதற்குப் பிறகு சின்னவள் கூடத்தில் ஒரு சட்டம் போட்டாள். ஒவ்வோர் அச்சிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கை வைக்கக் கூடாது. கூட வேலை செய்தவர்கள் முனகினார்கள். அவள் மசியவில்லை.

கல்யாணம் பிந்திப்போனது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு முப்பத்தைந்து. அவர் நல்ல மனுஷர், எதையும் சிரிப்பாக்கிவிடுவார், அதனாலேயே சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். ஐந்து வருஷம் பார்த்துவிட்டுச் சிகிச்சை மையத்துக்குப் போனார்கள். ஊசியும் மாத்திரையுமாக அலைந்து, அவளுடைய முட்டையிலும் அவருடைய விந்திலும் ஐந்து கரு உருவாயிற்று. ஐந்தையும் உறைய வைத்தார்கள். முதல் தடவை ஒன்றை வைத்தார்கள், தங்கவில்லை. அடுத்த தடவையும் அதே கதை. மூன்றாவது நாலு மாசம் வரை இருந்தது. அது போன பிறகு இரண்டு வருஷம் அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மிச்சம் இரண்டு, மையத்தின் நைட்ரஜன் உருளைக்குள் கிடந்தன. மறுபடி தைரியம் வந்து தேதி கேட்கப் போன மாதத்தில்தான் புதுச் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததில் அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். வேறொரு மையத்தில் ஒருத்தியின் கருவை இன்னொருத்திக்கு வைத்துவிட்டார்கள். தவறு தெரிந்ததும் கரு இருந்த குழாயில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு ஒட்டினார்கள். பிள்ளை பிறந்து, முகம் பார்த்து, சந்தி சிரித்தது. “இப்பவாச்சும் புத்தி வந்துதே. நான் பல்லுக்குப் பார்க்கிறதை இவனுங்க குழந்தைக்குப் பார்க்கலை பாருங்க” என்று கணவரிடம் சொன்னாள். எல்லா மையங்களும் புதிதாக அமைத்த ஆணையத்தில் பதிவு செய்து அனுமதி வாங்கும்வரை கதவைச் சாத்த வேண்டும் என்றார்கள். நியாயம்தான். அவள் போன மையத்துக்கு அனுமதி வரப் பதினான்கு மாதம் பிடித்தது. திருட்டு, புரட்டு ஒன்றும் இல்லை. அவசர வழிக் கதவு உள்பக்கமாகத் திறந்ததாம், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டுமாம். “நான் வேணா போய்க் கதவைத் திருப்பி மாட்டிட்டு வரட்டுமா? அரை நாள் வேலை” என்றார் லிஃப்ட்காரர்.

சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ஐம்பது முடிந்த பெண்ணுக்குக் கரு வைக்கக் கூடாது. சின்னவள் அதைப் பத்திரிகையில் படித்தாள். படித்துவிட்டு, தனக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதியாக மடித்து வைத்தாள். நாற்பத்தாறு வயதை உடம்போடு சுமந்துகொண்டிருப்பவளுக்கு, பெட்டிக்குள் கிடக்கிற சான்றிதழ் தன்னைவிட வேகமாகக் கிழடு தட்டிக்கொண்டிருக்கிறது என்று எப்படித் தோன்றும்? இந்த ஒரு தப்பு அவளுடையது. மற்றவர்களைத் திட்டித் தீர்த்த நாட்களிலும் இதை மட்டும் அவள் மறுத்ததில்லை.

மையம் ஏப்ரல் மாதம் திறந்தது. டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்கு மார்ச் ஒன்பதோட ஐம்பது முடிஞ்சிடுச்சேம்மா.”

“அது எங்க அண்ணன் பிறந்த தேதி, டாக்டர்” என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அவள் சொன்னதன் பாரம் அவளுக்கே உறைத்தது.

“ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா” என்றார் டாக்டரம்மா. அப்பா தொண்டையில் இருந்த அதே முள். பதினான்கு மாதம் கதவைச் சாத்தி வைத்திருந்தது யார் என்று கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தாள்.

ஆணையத்தின் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அனுமதி அலுவலர் உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு வைத்த ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததால், வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து கும்பிடுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். அலுவலர் நடுவயதுப் பெண். கடுகடுப்பு இல்லை. முழுக் கதையையும் கேட்டார், நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

“பிறப்புச் சீட்டுல ஆண், பெண் இருக்காது. ஆனா பதிவாளர் ஆபீஸ்ல பெரிய பதிவேடு இருக்கும். அதுல இருக்கும். அந்த நகல் வாங்குங்க. உங்களுக்கு மூத்த ரத்த உறவு யாராவது உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும். ரெண்டையும் வச்சுத் தேதியைத் திருத்திட்டு வந்தா, எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது.”

“மூத்த உறவுன்னா அண்ணன் மட்டும்தான் இருக்கான்.”

“அப்ப அவரு எழுதித் தரணும். உங்க தேதியைத் திருத்தினா அவரு தேதியும் திருந்திடும். ஒரு நகல் அவரு வேலை பார்க்கிற இடத்துக்குப் போகும். அது விதி. அதையும் யோசிச்சுக்குங்க.”

சின்னவள் யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவன் தன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்த முடியாமல் ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பெரியவன் திரும்பவில்லை.

“வேலை போயிடும்” என்றான் குழாயிடம்.

“தெரியும்ணா.”

“தெரிஞ்சுதான் கேக்கிறியா?”

“நான் என்ன கேட்டேன்? என் தேதியைத்தானே கேட்டேன்.”

“நானா எடுத்தேன் உன் தேதியை? அப்பா போட்டது. அப்பாகிட்ட போய்க் கேளு.”

“அப்பா உனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு. உன்கிட்டதான் இருக்கு.”

அண்ணி கத்தியை வைத்தாள். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா? நாளைக்கு ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டா, யாருடா இது, பாட்டியான்னு கேப்பாங்க.”

“எந்த வயசுல, அண்ணி? உங்க வீட்டுக்காரர் வயசுலயா, என் வயசுலயா?”

அண்ணி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். பெரியவன் ஸ்பானரைத் தொட்டிக்குள் போட்டான். தனக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்றான். பொய் வயது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்புவதோடு விடமாட்டார்கள், ஓய்வூதியமும் கிடையாது என்றான். பேசப் பேசக் குரல் தடித்தது. “உனக்கு ஒரு குழந்தை இல்லைங்கிறதுக்காக நான் தெருவுல நிக்கணுமா?” என்றான். கேட்ட பிறகு அவனே பயந்தவன் போல வாயைத் துடைத்துக்கொண்டான். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அடுத்த இரண்டு மாதம் அவள் எல்லாரையும் வெறுத்தாள். அப்பாவை வெறுத்தாள், செத்தவரை வெறுப்பதில் சுகம் இல்லை என்றாலும். அண்ணனை வெறுத்தாள். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வெறுத்தாள். பதிவேட்டு நகலை வாங்கி வைத்திருந்தாள். மார்ச் ஒன்பது, ஆண். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஜூலை பதினொன்று, பெண். மங்கிய நீல மையில் அழகான கையெழுத்து. அண்ணன் கையெழுத்து இல்லாமல் அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கேட்டார். “அவனைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும்” என்றாள். “அவன் கையால குடுத்தா அது வேற.” அதற்குப் பிறகு அண்ணனிடம் அவள் கேட்கவும் இல்லை, அந்த வீட்டுக்குப் போகவும் இல்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி மதியம் பெரியவன் கூடத்துக்கு வந்தான். அதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. வரிசையாக அடுக்கியிருந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்த்து மிரண்டுபோய் நின்றான். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு, இன்னொன்றில் பழுப்பு உறை.

“பிறந்த நாளுன்னு ஆபீஸ்ல வெட்டினாங்க” என்றான். “பதினெட்டு வருஷமா வெட்டுறாங்க. நானும் வாயைத் திறந்து வாங்கிக்கிறேன். இன்னைக்கு உள்ள இறங்கலை. உன்னுதுதானே, நீயே தின்னு.”

அவள் கை நிறைய மெழுகு. துடைத்துவிட்டு உறையைப் பிரித்தாள். நோட்டரி முத்திரை, கீழே அண்ணனின் கையெழுத்து. நான் மேற்படியாளின் மூத்த சகோதரன் என்று தொடங்கியிருந்தது. அவளால் அந்த முதல் வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

“அண்ணிக்குத் தெரியுமா?”

“இனிமேதான் சொல்லணும். கொஞ்ச நாளைக்கு நீ அந்தப் பக்கம் வராதே. அவ வாயை என்னால அடைக்க முடியாது.” வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். “பிறந்ததும் ஒருதரம் என் கையில குடு. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

அன்று அவளுக்கு நாற்பத்தெட்டு வயது முடிந்தது. கேக்கை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஆறு வாரத்தில் தேதி திருந்தியது. அதற்குள் பெரியவனின் அலுவலகத்துக்கு நகல் போய், விளக்கம் கேட்டு, விளக்கத்தை ஏற்காமல் அவனை அனுப்பிவிட்டார்கள். அனுப்புகிற விஷயத்தில் மட்டும் அரசாங்கத்துக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது. அண்ணி போன் எடுப்பதை நிறுத்தினாள். சின்னவள் புதுத் தேதி போட்ட அடையாள அட்டையைப் பைக்குள் வைத்து, பஸ்ஸில், கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில் என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். “ரெண்டு வயசு குறைஞ்ச பொண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்?” என்றார் லிஃப்ட்காரர். அவர் சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். ஊசி போட்டார்கள். வயிறு தயார் என்று டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துச் சொன்னார். குறித்த நாளில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு, கால்களை ஒடுக்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் உருளை. அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போன கரு ஆய்வாளர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு திரும்பி வந்தார். இளம் வயதுக்காரர். அவர் பேசுவதற்கு முன்பே அவளுக்கு ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது.

“குழாய்ல மார்ச் ஒன்பதுன்னு இருக்கும்மா. உங்க அட்டையில ஜூலை பதினொண்ணு. பொருந்தலைன்னா வெளியே எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரே விடாது.”

அங்கியைக் கழற்றிவிட்டு நேராக ஆணையத்துக்குப் போனாள். லிஃப்ட்காரரும் வேலை உடுப்போடு ஓடி வந்து சேர்ந்தார். அதே கண்ணாடி, அதே ஓட்டை, அதே அலுவலர். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, தேதி திருந்திடுச்சா என்று ஆசையாகத்தான் விசாரித்தார். பிறகு கோப்பைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“சீட்டை மாத்தி ஒட்டினா போச்சு” என்றார் லிஃப்ட்காரர்.

“அதைத்தான் செய்யவே கூடாது, சார். அந்த மையத்துல அதைத்தானே பண்ணினாங்க. உறைய வச்ச அன்னைக்கு ஒட்டின சீட்டை யார் தொட்டாலும் ஜெயில்.”

“நான்தானேம்மா அது? அதே பேரு. அதே வீட்டுக்காரரு. அதே கையெழுத்து.”

“பேரு பொருந்துது. தேதி பொருந்தலை. ரெண்டும் பொருந்தணும்.”

“அப்ப குழாய்க்குப் பழைய தேதியே இருக்கட்டும். வயசுக்கு மட்டும் புதுசைப் பாருங்க.”

அலுவலர் பேனாவை மூடினார். “ஒருத்தருக்கு ரெண்டு பிறந்த தேதி எப்படிம்மா இருக்கும்?”

நாற்பத்துமூன்று வருஷமாக இருந்ததே என்று சொல்ல நினைத்தாள் சின்னவள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று லிஃப்ட்காரர்தான் கேட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

“அன்னைக்கு வயசைப் பத்திக் கேட்டாங்க. நான் வயசுக்குப் பதில் சொன்னேன். சீட்டைப் பத்தி யாரும் கேக்கலையே, சார்.” அலுவலரின் முகம் வெளிறியிருந்தது. “எனக்கும் தோணலை. சத்தியமா தோணலை.”

மேல்முறையீடு செய்யலாம், இரண்டு வருஷத்துக்குக் குறையாது. உரியவர் இல்லாத கருவைத் தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பழைய தேதிக்கே திரும்பிப் போனால் கரு உண்டு, வயது இல்லை. புதுத் தேதியில் வயது உண்டு, கரு இல்லை. இதையெல்லாம் அலுவலர் ஒரு காகிதத்தில் எழுதிக்கூடக் காட்டினார். சின்னவளால் அந்தப் பெண்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கை வைக்காதே என்று பத்தொன்பது வருஷமாக ஒரு கூடம் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

தொண்ணூறாவது நாள் அவள் விடுப்பு எடுக்கவில்லை. ஒரு கீழ்வரிசை முடிக்க வேண்டியிருந்தது, முடித்தாள். ஒரு பல்கூடக் கோணவில்லை. அதற்காகவும் தன்மேல் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பெரியவன் வந்தான். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை. தொட்டிமேல் ஏறும்போது வழுக்கி, முன்பல் இரண்டும் போய்விட்டன. பல் மருத்துவரிடம் போக வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று சின்னவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆளே பாதியாகியிருந்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான், பல் இல்லாத சந்தின் வழியாக.

“வச்சாச்சா?” என்றான் உட்காருவதற்கு முன்பே. “உன் வீட்டுக்காரர் பிடிகுடுக்காம பேசுறாரு. மூணு மாசம் சொல்லக் கூடாதுன்னு இருக்கீங்களோ? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் அண்ணிகிட்டகூட நேத்துச் சொன்னேன், திட்டாதே, அது பிறந்து வந்தா எல்லாம் சரியாகிடும்னு. ஒண்ணும் பேசலை. ஆனா திட்டலை.”

சின்னவள் கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்தாள். ரோஜா நிறத்தில் பசை திரண்டது. சீட்டை முன்பே எழுதி வைத்திருந்தாள். அண்ணன் பெயர், மார்ச் ஒன்பது. பசையை அச்சுத் தட்டில் வழித்து நிரப்பினாள்.

“வாயைத் திற.”

திறந்தான். தட்டை மேல்வரிசையில் ஏற்றி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். “மூணு நிமிஷம். ஆடக் கூடாது, பேசக் கூடாது. மூக்கால மூச்சு விடு.”

அவன் தலையை ஆட்டாமல் கண்ணால் சரி என்றான். அந்தக் கண்ணில் இன்னும் சிரிப்பு இருந்தது. இவன் வாய் சும்மா இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பதில் பேசினால் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“வைக்கலைண்ணா” என்றாள். “குழாய்ல உன் தேதி இருந்துது. நான் என் தேதியோட போனேன். பொருந்தலைன்னுட்டாங்க. போன செவ்வாய்க்கிழமை ரெண்டையும் வெளியே எடுத்துப் போட்டுட்டாங்க. இனிமே ஒண்ணும் இல்லை.”

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலுக்குக் கீழே அவன் தாடை ஒருமுறை நடுங்கியது, பிறகு நிற்கவே இல்லை. கண் இரண்டும் நிரம்பி, காதுப் பக்கமாக வழிந்தன. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் பசையில் முட்டித் திரும்பிப் போனது. அவள் விரலை எடுக்கவில்லை. மூன்று நிமிஷம் ஆகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நேரம் ஆனதும் தட்டை நெம்பி எடுத்து, குழாயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பல்லின் தடம் எல்லாம் இழுபட்டு இரட்டை இரட்டையாக விழுந்திருந்தது.

“ஆடிட்டே. இது உதவாது” என்றாள். பசையைத் தொட்டியில் வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி பொடியை அளந்தாள். “இன்னொரு தடவை எடுக்கணும். வாயைத் திற.”

பெரியவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், வாயைத் திறந்தான்.